கருவியைச் சூடி நிற்கும் பெண்கள்

என் அக்கா மகள் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைத் துணி விரித்த மேசைமேல் எஃகுக் கருவிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மகளிர் மருத்துவ வைவாவில் தேர்வாளர் அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டுவாராம். மாணவர் அதன் பெயரையும் பயன்பாட்டையும் சொல்ல வேண்டும். அவள் படத்தில் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள்: "இது கஸ்கோ, இது வல்செல்லம், இது சிம்ஸ்."

சிம்ஸ் ஸ்பெகுலம் என்பது இரண்டு முனையிலும் வாத்தின் அலகுபோல் வளைந்த கருவி. யோனிச் சுவரை விலக்கிப் பிடித்து, உள்ளே கருப்பை வாயைப் பார்ப்பதற்கானது.

"சிம்ஸ்னா யாரு?" என்று கேட்டேன்.

"யாரோ அந்தக் காலத்து டாக்டர், சித்தி. அதெல்லாம் வைவாவுல கேக்க மாட்டாங்க."

அந்தக் கருவியை அவளுக்கு முன்பே நான் அறிவேன், பெயர் தெரியாமல். எனக்கு இருபத்தேழு வயதில், ஒரு மருத்துவமனையின் பரிசோதனை அறையில், பாதி மூடிய திரைக்குப் பின்னால் படுத்திருந்தேன். என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நடுவில் மூன்று மாணவர்கள் உள்ளே வந்து நின்றார்கள். அவர்கள் வரலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. உலோகத்தின் குளிர் முதலில் தெரிந்தது, பிறகு வலி. "இப்படி இறுக்கிப் புடிச்சா எப்படிம்மா பாக்குறது?" என்று ஒரு குரல் கேட்டது. என் உடல்தான் தவறு செய்கிறது என்று நம்பி, நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய மருத்துவக் கருவிகளைக் கலையாக்குகிறவர்களின் படைப்புகளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். நான் கலை விமர்சகர் அல்ல, இலக்கியம் கற்பிப்பவள். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக்கு நான் போனதில்லை. அங்கிருக்கும் சிற்பத்தை ஒளிப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிற்பத்தில் இருக்கும் கருவியின் குளிர் எனக்குத் தெரியும். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

*

மருத்துவக் கருவிகளைச் சேகரிப்பது பழைய மோகம். ஹென்றி வெல்கம் என்ற மருந்து வணிகர் உலகெங்கும் முகவர்களை அனுப்பிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வாங்கிக் குவித்தார். அறுவைக் கத்திகள், செயற்கைக் கால்கள், பிரசவ இடுக்கிகள், தாயத்துகள் என எல்லாம் அதில் இருந்தன. 1936இல் அவர் இறந்தபோது பிரிக்கப்படாத பெட்டிகளே ஏராளமாக இருந்தன. அந்தச் சேகரிப்பின் ஒரு பகுதி லண்டனில் 'மருத்துவ மனிதன்' என்ற பொருள்படும் பெயரில் 2007 முதல் காட்சிக்கு இருந்தது. இப்பொருள்களின் கதையை யார் கண்கொண்டு சொல்கிறோம் என்ற கேள்வி வலுத்து, 2022 நவம்பரில் அந்தக் காட்சியை நிறுவனமே மூடியது.

கலைஞர்களும் இந்த மோகத்துக்கு விலக்கல்ல. டேமியன் ஹர்ஸ்ட் 1994இல் செய்த 'ஸ்டில்' என்ற படைப்பு எஃகும் கண்ணாடியும் கொண்ட அலமாரி. அதனுள் தட்டுத் தட்டாக மருத்துவக் கருவிகள் பளபளக்கின்றன. ஒன்றிலும் துளி இரத்தம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அக்கா மகளின் வைவா மேசைதான் நினைவுக்கு வந்தது. இரண்டிலும் கருவி இருக்கிறது, அதை ஏந்தும் கையின் அதிகாரம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. அது நுழைந்த உடல்தான் இல்லை.

பழைய கருவி அழகாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பித்தளைத் திருகும் தேய்ந்த கைப்பிடியும் யாரையும் ஈர்க்கும். பாம்பேயி நகரின் இடிபாடுகளில் கிடைத்த ரோமானிய வெண்கல ஸ்பெகுலங்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை. திருகைச் சுழற்றினால் அலகுகள் விரியும் அவற்றின் வேலைப்பாடு வியக்கவைப்பது. ஆனால் அந்த வியப்பு, திருகு சுழன்றபோது கட்டிலில் கிடந்தவளை மறக்கச் செய்துவிடுகிறது. கருவியைக் கலையாக்கும் எந்தப் படைப்பிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த உடல் எங்கே?

*

சிம்ஸின் கருவிக்குப் பின்னால் இருந்த உடல்களில் மூன்றுக்கு நமக்குப் பெயர் தெரியும். அனார்க்கா, லூசி, பெட்சி.

ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரியில் மருத்துவம் பார்த்தவர். 1845இல் பதினேழு வயது அனார்க்கா மூன்று நாள் பிரசவ வேதனையில் கிடந்தபோது அவரை அழைத்தார்கள். அவர் இடுக்கி போட்டுக் குழந்தையை எடுத்தார். நீண்ட வேதனையில் திசுக்கள் நசுங்கி அழுகி, அவளுக்குச் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே துளை விழுந்தது. ஃபிஸ்டுலா என்பது இதுதான். சிறுநீர் ஓயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். புண்ணும் நாற்றமும் தீராது. அன்று அதற்குச் சிகிச்சை இல்லை.

அதே ஆண்டில், வேறொரு பெண்ணைப் பரிசோதித்தபோது கிடைத்த யோசனையை வைத்து, ஈயக்கலவைக் கரண்டி ஒன்றை வளைத்து உள்ளே பார்த்தார் சிம்ஸ். யாரும் காணாத நிலப்பரப்பை முதலில் கண்ட நாடுகாண் பயணியாகத் தன்னை உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார் என்பார்கள். இந்த உவமையைப் படிக்கும்போது ஒன்று உறைக்கும். கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் எந்த நிலத்திலும் ஏற்கெனவே யாரோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்த நான்கு ஆண்டுகள், தன் வீட்டின் பின்புறத்தில் கட்டிய சிறு மருத்துவமனையில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் சுமார் பன்னிரண்டு பேரை வைத்து அறுவைகள் செய்து பார்த்தார். அவர்களை உடைமையாளர்களிடமிருந்து பெற்றுக்கொண்டார். பேச்சுவார்த்தை ஆண்களுக்கு இடையே நடந்தது. முதல் அறுவை லூசிக்கு. பன்னிரண்டு மருத்துவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மயக்கமருந்து இல்லை. சிறுநீரை வடிக்க உள்ளே வைத்த பஞ்சினால் நோய்த்தொற்று ஏற்பட்டு அவள் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினாள். அனார்க்காவுக்கு முப்பது அறுவைகள். 1849இல் வெள்ளிக் கம்பியால் தையல் போட்டபோதுதான் வெற்றி என்று சிம்ஸ் அறிவித்தார். ஈதர் மயக்கமருந்து பாஸ்டனில் 1846இலேயே எல்லோர் முன்னிலையிலும் செய்துகாட்டப்பட்டிருந்தது.

சிம்ஸுக்காக வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈதர் அப்போது புதிது, பரவலாக ஏற்கப்படவில்லை என்பார்கள். அந்தப் பெண்களே குணமாக ஏங்கினார்கள் என்பார்கள். இருக்கலாம். ஓயாமல் ஒழுகும் உடலோடு வாழ்கிறவள் குணமாக விரும்பமாட்டாளா? அந்த அறுவை பிறகு எத்தனையோ பெண்களை மீட்டது என்பதும் உண்மை. ஆனால் விரும்புவதும் ஒப்புவதும் வேறு வேறு. வேண்டாம் என்று சொல்லி எழுந்து போக முடிகிறவளின் 'சரி' மட்டுமே ஒப்புதல். அனார்க்கா பத்தாவது அறுவைக்குப் பிறகு எழுந்து போயிருக்க முடியுமா?

இன்னொரு செய்தி முக்கியமானது. தோல்விமேல் தோல்வி வந்தபோது சிம்ஸுக்கு உதவிய ஆண் மருத்துவர்கள் சலித்து விலகினார்கள். அதன்பின் அறுவைகளில் உதவியவர்கள் இந்தப் பெண்கள்தாம். ஒருத்தி கிடக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டு, கருவியை ஏந்திக்கொண்டு நின்றார்கள். அதாவது சிம்ஸ் ஸ்பெகுலத்தைக் கையாளப் பயின்ற முதல் செவிலியர்கள் அவர்கள். எந்த வைவாவிலும் இது விடையாக வருவதில்லை.

*

1950களில் ஒரு மருந்து நிறுவனம் மருத்துவ வரலாற்றின் பெருந்தருணங்கள் என்று ஓர் ஓவிய வரிசையை வரையச் செய்தது. ராபர்ட் தாம் வரைந்த அந்த வரிசையில் சிம்ஸும் உண்டு. ஆண்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஒரு கறுப்பினப் பெண் மேசைமேல் மண்டியிட்டிருக்கிறாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். உடைகள் சுத்தமாக இருக்கின்றன. யார் முகத்திலும் வலி இல்லை.

மிஷெல் பிரவுடர் கலை மாணவியாக இருந்தபோது இந்த ஓவியத்தைப் பார்த்தார். அது அவரை விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், கைவிடப்பட்ட உலோகப் பொருள்களைச் சேகரித்து, பற்றவைப்புக் கலைஞர்களோடு சேர்ந்து மூன்று பெண்ணுருவங்களைச் செய்தார். சிம்ஸ் அறுவை செய்த அதே மாண்ட்கோமரியில் 2021 செப்டம்பரில் அவை திறந்துவைக்கப்பட்டன. அந்த நகரின் மாநிலத் தலைமைச் செயலக வளாகத்தில் 1939இல் நிறுவப்பட்ட சிம்ஸின் சிலை உண்டு. பிரவுடரின் அனார்க்கா சுமார் 15 அடி உயரம்.

சிற்பத்தில் முதலில் கண்ணில் படுவது அவர்கள் நிற்கிறார்கள் என்பது. ஓவியத்தில் மண்டியிட்டவளும் திரைக்குப் பின் ஒளிந்தவர்களும் இங்கே மண்ணில் கால் ஊன்றி, வானம் பின்னணியாக நிற்கிறார்கள். நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைக்கும் ஒரு நிலைக்கு இன்றும் பாடநூல்களில் சிம்ஸ் நிலை என்றே பெயர். அந்த நிலையைப் பிரவுடர் நிமிர்த்திவிட்டார். இந்த ஒரு முடிவுக்காகவே இந்தப் படைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்தது உலோகம். சங்கிலிகளும் பற்சக்கரங்களும் வீட்டுச் சாமான்களும் மருத்துவக் கருவிகளும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு உடலாகியிருக்கின்றன. தையல் தெரிகிறது. வழுவழுப்பான வெண்கலத்தில் வார்த்திருந்தால் சிம்ஸின் சிலைக்குப் போட்டியாக மூன்று சிலைகள் கிடைத்திருக்கும். தூக்கி எறியப்பட்டவற்றைச் சேர்த்துச் செய்ததால், விலைக்கு வாங்கப்பட்டு, பயன்படுத்தப்பட்டு, பெயரில்லாமல் விடப்பட்டவர்களின் கதை பொருளிலேயே வந்துவிடுகிறது. வெல்கம் சேகரித்ததும் பிரவுடர் சேகரித்ததும் இங்கே பிரிகின்றன. அவர் சேகரித்தது வைத்துக்கொள்ள. இவர் சேகரித்தது இழந்த உடலைத் திருப்பிக் கட்ட.

மூன்றாவது, கருவி. மூவரில் ஒருத்தி தலையில் ஸ்பெகுலத்தைச் சூடியிருக்கிறாள். பூச்சூடுவதற்கும் முடிசூடுவதற்கும் நம் மொழியில் ஒரே வினைதான். சூடுகிறவள் தன் கையால், தன் விருப்பத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். கீழே, கால்களுக்கு நடுவில், வேறொருவர் கையில் இருந்த கருவி இப்போது அவளுக்கு மேலே, அவளுடையதாக இருக்கிறது. அது இனி எதையும் திறக்காது. கண்ணாடி அலமாரி கருவியிடமிருந்து உடலைப் பிரிக்கிறது; பிரவுடர் கருவியை உடலிடம் ஒப்படைக்கிறார்.

*

ஆனால் இரண்டு இடங்களில் எனக்குத் தயக்கம் உண்டு.

அனார்க்காவின் வயிறு வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு சிவப்பு ரோஜா. அவளுடைய கருப்பை தனியாக அருகில் வைக்கப்பட்டு, அதற்குள் உடைந்த கண்ணாடியும் ஊசிகளும் கத்தரிகளும் கூர்முனைகளும் நிரம்பியிருக்கின்றன. அந்தக் கருப்பை சிற்பத்தின் மிக வலிமையான பகுதி. அதைப் பார்த்தபோது என் அடிவயிறு இறுகியது. அதன் பக்கத்தில் ரோஜா தேவையா? முப்பது அறுவைகளைச் சொல்லி முடித்த கையோடு ஆறுதலும் சொல்லிவிடுகிறது அந்தப் பூ. ஆறுதல் பார்க்க வந்தவர்களுக்குத்தான். கூர்முனைகளோடு எங்களை நிற்கவிட்டிருக்கலாம்.

இரண்டாவது தயக்கம் பெரிது. சிற்பத்தொகுதியின் பெயர் 'மகளிர் மருத்துவத்தின் தாய்மார்கள்'. இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. சிம்ஸை நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று ஒன்றரை நூற்றாண்டாகப் புகழ்ந்திருக்கிறார்கள். தந்தை உண்டென்றால் தாய்மார்கள் எங்கே என்று பிரவுடர் கேட்கிறார். கேள்வி கூர்மையானது. பிள்ளைகள் விற்கப்படுவதைப் பார்த்து நின்ற கறுப்பினப் பெண்களின் வரலாற்றில், 'தாய்' என்ற சொல்லே பறிக்கப்பட்ட ஒன்று; அதைத் திரும்பப் பெறுவது அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்பதை நான் இங்கிருந்து தீர்ப்பளிக்க முடியாது.

ஆயினும் தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு பெண் 'தாய்' என்ற பட்டத்தைச் சந்தேகிக்கக் கற்றிருக்கிறாள். கூலி கொடுக்க மனமில்லாத இடத்தில் நம்மைத் தாயே என்கிறார்கள். உரிமை கேட்கும் இடத்தில் தெய்வம் என்கிறார்கள். சாதி மீறிக் காதலித்ததற்காகக் குடும்பமே கொன்ற பெண்களைப் பின்னர் அதே குடும்பம் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடும் வழக்கத்தை நம் ஊர்களில் காணலாம். ஆண்டுதோறும் பொங்கல் வைக்கிறார்கள். கொலைக்குக் கணக்குக் கேட்பதில்லை. தாய் என்றால் விரும்பிக் கொடுத்தவள் என்ற பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த மூவரும் எதையும் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுத்ததைக் கொடையாக்கிவிட்டால் எடுத்தவருக்கு எவ்வளவு வசதி!

அவர்கள் கருவியை ஏந்தி உதவிய செவிலியர்கள் என்பதற்குப் பெயர் வைத்திருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும். தாய்மை உடலின் பட்டம். தொழில்திறன் கையின், மூளையின் பட்டம். பெண்களுக்கு முதலாவதைத் தாராளமாகத் தருவார்கள், இரண்டாவதுக்குத்தான் பஞ்சம்.

இந்த இடத்தில் இன்னொரு கறுப்பினக் கலைஞரின் படைப்பு எனக்கு உதவியது. டோரீன் லினெட் கார்னர், 2017இல் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த ஒரு கண்காட்சிக்காக, அந்நகரின் சென்ட்ரல் பார்க்கில் அப்போது நின்றிருந்த சிம்ஸ் சிலையின் உருவைச் சிலிக்கான் தோலாக வார்த்தார். பிறகு கறுப்பினப் பெண்கள் சிலர் சேர்ந்து, பார்வையாளர்கள் முன்னிலையில், அந்தச் சிம்ஸ் உடலில் ஃபிஸ்டுலா அறுவையை நிகழ்த்தினார்கள். இங்கே கருவி பெண்களின் கையில். அவர்கள் தாய்மார்களாக அல்ல, அறுவையாளர்களாக நிற்கிறார்கள். கிடப்பவர் சிம்ஸ். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்தச் சிலையை நகர நிர்வாகம் பூங்காவிலிருந்து அகற்றியது. பல ஆண்டுப் போராட்டத்தின் விளைவு அது.

கார்னரின் நிகழ்வில் பழிவாங்கலின் இன்பம் இருக்கிறது. ஆனால் பாத்திரம் மாறினாலும் மேசை அப்படியே இருக்கிறது. யாரோ ஒருவர் கேட்கப்படாமல் கிடக்கத்தான் வேண்டும். பிரவுடர் மேசையையே எடுத்துவிட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு விடை முழுமையாகிறது. கோபத்துக்கு கார்னர், அதற்குப் பிறகு வாழ்வதற்குப் பிரவுடர்.

*

இது அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று வந்தது. படைவீரர்களைப் பால்வினை நோயிலிருந்து காப்பது நோக்கம். அதற்காகப் பாலியல் தொழிலில் இருப்பதாகக் கருதப்பட்ட பெண்கள் பதிவுசெய்யப்பட்டுக் கட்டாயப் பிறப்புறுப்புப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார்கள். நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரி எனப்பட்ட இடங்களில் அடைக்கப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் அத்தகைய மருத்துவமனைகள் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தன. படைவீரர்களுக்கு இந்தச் சட்டத்தில் பரிசோதனை இல்லை. பிரிட்டனில் இதே போன்ற சட்டத்தை எதிர்த்து ஜோசபின் பட்லர் தலைமையில் போராடிய பெண்கள் ஸ்பெகுலத்தையே அரசு வன்முறையின் அடையாளமாகப் பேசினார்கள். இந்தியச் சட்டம் 1888இல் நீக்கப்பட்டது. நம் பக்கத்தில் அந்தக் கட்டிலில் கிடந்த பெண்களுக்குச் சிற்பம் எதுவும் இல்லை.

அதே கருவியை வேறு விதமாகப் பிடித்தவர்களும் உண்டு. 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கரோல் டவ்னர் பெண்கள் கூட்டம் ஒன்றில் பிளாஸ்டிக் ஸ்பெகுலத்தைத் தன்னுள் தானே செலுத்தி, கண்ணாடி பிடித்து, கருப்பை வாய் எப்படியிருக்கும் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். நாடுகாண் பயணி தேவைப்படவில்லை; நிலத்துக்குரியவளே பார்த்துக்கொண்டாள். கருவி மாறவில்லை. பிடித்த கை மாறியது.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் இப்போது பயிற்சி மருத்துவர். சிம்ஸின் கதையைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "முப்பது தடவையா, சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசும்போது அவளாகவே சொன்னாள். வார்டில் பரிசோதனைக்கு முன்னால் கருவியை வெதுவெதுப்பான நீரில் காட்டி எடுக்கிறாளாம். என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, "செய்யலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறாளாம். கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. "முதல்ல கேட்டப்ப ஒரு அம்மா என்ன சொல்லணும்னு தெரியாம என்னையே பாத்தாங்க. என்னைக் கேக்குறியாம்மான்னாங்க" என்றாள்.

இன்னொரு பெண் வேண்டாம் என்றாளாம். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்றாளாம்.

"நீ என்ன பண்ணினே?"

"சரின்னேன். எழுந்து போனாங்க."